ஆறு எர்த் ஒயரும் ஒரு கரப்பான் பூச்சியும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணனூரில் எங்கள் தெரு அம்மன் கோயில் வாசலில் நடந்தது இது. மைக் செட்காரரிடம் சண்டை போடத்தான் அன்று வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

அதற்கு முன் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டது கரப்பான் பூச்சியின் நரம்பு செல். அந்தச் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றன. பக்கத்து நரம்பு அனுப்பும் ரசாயனம் வந்து தொட்டதும் கதவு திறக்கும், துளியூண்டு மின்சாரம் உள்ளே பாயும், மறுபடி மூடிக்கொள்ளும். பூச்சி மருந்துகள் பலவும் கைவைப்பது இந்தக் கதவுகளில்தான். எவ்வளவு மின்னழுத்தத்தில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று அளப்பது என் கடைசி அத்தியாயம். சொந்தக்காரர்கள் என்னைக் 'கரப்பான் பூச்சிக்கு ஷாக் வைக்கிற பொண்ணு' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனையைச் செல்லில் ஒட்டவைத்து அளக்க வேண்டும். அந்தத் துளி மின்சாரத்தைப் பெருக்கிக் காட்டும் எங்கள் ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிட்டதால், வெளியூரிலிருந்து ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கள் மாலை, வண்டி வந்து அதை எடுத்துப் போய்விடும். ஆனால் மூன்று வாரமாக எனக்குக் கிடைத்தது இரைச்சல் மட்டும்தான். திரை முழுக்க அலை அலையாக ஓடும். செல்லின் மின்சாரம் அதற்குள் எங்கேயோ மூழ்கிக் கிடந்தது. காதால் கேட்டும் தெரிந்துகொள்ள ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தோம். அது நாள் முழுக்க 'ம்ம்ம்ம்' என்று முனகும்.

நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஃபேனை நிறுத்தினேன், ஏசியை நிறுத்தினேன், டியூப் லைட்டை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்த்தேன். அதுவும் போதாமல், இரைச்சல் தரைக்குள் இறங்கிவிடும் என்று எர்த் ஒயர் போட ஆரம்பித்தேன். மைக்ராஸ்கோப்புக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, எல்லாவற்றையும் மூடியிருந்த செப்புவலைக் கூண்டுக்கு ஒன்று. எந்தச் சுவரில் பிளக் பாயின்ட் கிடைத்ததோ அங்கெல்லாம் இழுத்துச் சொருகினேன். மொத்தம் ஆறு. கல்லூரி எலக்ட்ரீஷியன் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இவ்ளோ எதுக்கும்மா?" என்று கேட்டார். "இது வேற வேலைங்க, உங்களுக்குப் புரியாது" என்று அனுப்பிவிட்டேன். அப்போது அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

சனிக்கிழமை என் ஆய்வு கைடு, "அந்த அத்தியாயத்த விட்டுடலாம்மா, இருக்கறது போதும்" என்றார். மூன்று வருட உழைப்பின் முடிவே அந்த அத்தியாயம்தான். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வந்தேன்.

மறுநாள் காலை கோயில் ஸ்பீக்கரில் பாட்டுக்கு முன்னால் அதே 'ம்ம்ம்ம்'. வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. மூன்று வாரமாக என்னைக் கொன்ற சத்தம் படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டதே என்று ஆத்திரமாக இறங்கிப் போனேன்.

மைக் செட்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "இரு அக்கா, ரெண்டு நிமிசம். ஹம்மு அடிக்குது. யாரோ மைக்கு மாட்ற மிக்ஸர எதுத்த ஊட்டு கரண்ட்ல சொருகிக்கீறாங்க."

தெருவைத் தாண்டிப் போய் அந்த ஒயரைப் பிடுங்கி வந்து, ஆம்ப்ளிஃபையர் இருந்த கோயில் போர்டிலேயே சொருகினார். சத்தம் சட்டென்று நின்றது. நான் சண்டையை மறந்து நின்றேன்.

"அண்ணா, இப்ப என்ன பண்ணீங்க?"

"இன்னாக்கா பண்ணேன்? ஆம்ப்ளி கோயில் எர்த்துல கீது, மிக்ஸரு அந்த ஊட்டு எர்த்துல இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல கரண்டு சுத்திகினே இருக்கும், அதான் கத்துது. ஒரே எடத்துல குட்த்தா கம்முனு ஆயிடும்."

"ஆறு எடத்துல குடுத்திருந்தா?"

"ஆறா? எந்தக் கோயில்லக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். கரப்பான் பூச்சி என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரால் தரையில் படம் போட்டுக் காட்டினார். "எல்லா ஒயரையும் கொணாந்து ஒரே போல்ட்ல முடுக்கு. அங்கேர்ந்து ஒரே ஒயரு எர்த்துக்குப் போவணும். அவ்ளோதான் மேட்டரு. கூழ் குட்சிட்டுப் போக்கா."

ஒரு டம்ளர் கூழை நின்றபடியே குடித்துவிட்டுப் பஸ் பிடித்தேன். சுவரெல்லாம் ஓடிய ஆறு ஒயரையும் என் கையாலேயே கழற்றினேன். எல்லாவற்றையும் மேசையின் இரும்புத் தகட்டில் ஒரே போல்ட்டில் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒரு ஒயரை எர்த்துக்கு விட்டேன். சுவிட்சைப் போட்டால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. கரண்ட் வரவில்லையோ என்று இரண்டு முறை பார்த்தேன். வந்திருந்தது. திரையில் கோடு நேராக ஓடியது.

முதல் இரண்டு செல்கள் கிழிந்து போயின. மூன்றாவது ஒட்டியது. ரசாயனத்தை ஒரு சொட்டு செலுத்தினேன். கோடு ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி மெல்ல ஏறியது. கதவு திறந்து மூடியிருக்கிறது. ஆளில்லாத அந்த அறையில் சத்தம் போட்டுச் சிரித்தேன். திங்கள் மாலை வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஒன்பதாவது செல்லையும் அளந்து முடித்துவிட்டுத்தான் கருவியைக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த எலக்ட்ரீஷியனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்தப் பேச்சே நினைவில்லை. அல்லது நினைவில்லாத மாதிரி நடந்துகொண்டார். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவரையும் சேர்த்தேன், பெயர் தெரியாத அந்த மைக் செட்காரரையும் சேர்த்தேன். "யாரும்மா இது?" என்று கைடு கேட்டும் நான் அந்த வரியை எடுக்கவில்லை.

என் பிடிவாதம் இன்னும் குறையவில்லை. ஆனால் எதிலாவது மாட்டிக்கொண்டு தவிக்கும்போது, புதிதாக ஒன்றைச் சொருகப் போகும் முன், ஏற்கெனவே நானாக இழுத்துவிட்ட ஒயர்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.