சூரன்போர் அன்று வந்த தேர்தல்

கோணேஸ்வரியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மகள் துர்க்கா, "ஆரம்மா, அந்த பேபிசிற்றர் அன்ரியோ?" என்று கேட்டாள். பிள்ளையில் பிழையில்லை, அவளுக்குத் தெரிந்த கோணேஸ்வரி அவ்வளவுதான். ஆனால் பேபிசிற்றர் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெயரைக் கோணேஸ்வரிக்கு வாங்கிக் கொடுத்தது எங்கள் சனம். வேலை மினக்கெட்டு, விரதமிருந்து, குளித்து முழுகி, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாங்கிக் கொடுத்தார்கள்.

கோணேஸ்வரி திருகோணமலைக்காரி. அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வாட்டில் நேர்ஸாக இருந்தவள். எண்பத்தேழில் புருஷன் குஞ்சித்தம்பியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில், எங்கள் தளத்தில், எலிவேற்றருக்குப் பக்கத்து வீட்டில் குடியேறினாள். குஞ்சித்தம்பிக்கு பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. மத்தியானம் நாலு பேரோடு ஒரு காரில் நெருக்கிக்கொண்டு போனால் நடுச்சாமத்தில்தான் திரும்புவார். கோணேஸ்வரி பகலில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றினாள். பின்னேரத்தில் நேர்ஸிங் அசிஸ்ரன்ற் படிப்புக்குப் போனாள். ஊரில் படித்ததை இங்கே ஒருவரும் கணக்கிலெடுக்கவில்லை, அதனால் அடியிலிருந்து தொடங்கினாள். தொடங்கியதில் அவளுக்கு வெட்கம் எதுவும் இருக்கவில்லை. "அக்கா, இந்த வருசம் முடிஞ்சா நான் திரும்ப வெள்ளை உடுப்புப் போடுவன்" என்பாள்.

பகலில் ஹோட்டல், பின்னேரம் வகுப்பு, புருஷன் பிறம்ரனில். அப்படியென்றால் தனுசியாவையும் யசிந்தனையும் யார் பார்த்தது? கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லோண்டரிக்குப் பக்கத்தில், மாநகரசபைக் காசில் நடந்த ஒரு பிள்ளைகள் அறை பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் ஒரு தமிழ்ப் பெண்ணும் பிள்ளைகளுக்குப் பாலும் பிஸ்கற்றும் கொடுத்து, வீட்டுப்பாடமும் செய்விப்பார்கள். எங்கள் கட்டடத்துத் தாய்மாரில் அரைவாசிப் பேர் அந்த அறையை நம்பித்தான் வேலைக்குப் போனார்கள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு நவம்பரில் மாநகரசபைத் தேர்தல் வந்தது. அந்த அறையைக் கொண்டுவந்தவர் எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் அலெக்ஸாண்டர் என்ற மனிதர். அவரை எதிர்த்து நின்றவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: தான் வந்தால் வரியைக் குறைப்பாராம், இப்படியான அறைகளுக்குக் காசு கொடுக்கமாட்டாராம். ஒளிக்காமல் சொன்ன மனிதர், அதற்காகவாவது அவரை மெச்சலாம். அலெக்ஸாண்டர் தோற்றால் அறை பூட்டப்படும், அறை பூட்டினால் கோணேஸ்வரியின் படிப்பு நின்றுபோகும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை தேவையில்லை.

கோணேஸ்வரிக்கு வோட்டு இல்லை. அவளிடம் நிரந்தர வதிவிடம்தான் இருந்தது, குடியுரிமை கிடைக்க இன்னும் காலம் கிடந்தது. வோட்டு இருந்ததெல்லாம் முதலே வந்து சிற்றிசன் ஆன எங்களைப் போன்றவர்களுக்கு. எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலுமாக அப்படி நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் இருந்தோம். ஊர் அரசியல் என்றால் விடிய விடியக் கதைக்கிற ஆட்கள். இங்கத்தைய மாநகரசபை என்றால் மட்டும் குப்பை அள்ளுகிற கந்தோர் என்ற நினைப்பு.

வோட்டில்லாத கோணேஸ்வரி ஒக்ரோபர் முழுக்க வோட்டுள்ளவர்களின் கதவைத் தட்டினாள். வகுப்பில்லாத பின்னேரங்களில் நானும் கூடப் போனேன். கதவில் சங்கிலியைப் போட்டபடி ஒரு கண்ணால் பார்ப்பார்கள். தமிழ் முகம் என்று கண்டதும் திறந்து, தேத்தண்ணி தருவார்கள், பலகாரமும் தருவார்கள். வோட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"உமக்கு வோட்டு இருக்கோ பிள்ளை?" என்று ஒரு மனிதர் கேட்டார்.

"இல்லை அண்ணை."

"பிறகேன் உமக்கு உந்த அலைச்சல்?"

"உங்களுக்கு இருக்கே அண்ணை. அதுக்குத்தான் அலையிறன்."

அவர் சிரித்துவிட்டு இன்னொரு வடையை நீட்டினார். வெளியே வந்து எலிவேற்றருக்குக் காத்து நிற்கும்போது நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். கோணேஸ்வரி அந்த வடையைப் பிள்ளைகளுக்கென்று பேப்பர் துவாயில் சுற்றிக்கொண்டு, "அவர் வருவார் அக்கா" என்றாள். எல்லோரும் வருவதாகத்தான் சொன்னார்கள். வாக்குச்சாவடியே எங்கள் கட்டடத்து லொபியில்தான். வேலையால் வருகிறவர்கள் எலிவேற்றர் ஏற முதல் ஒரு நிமிடம் நின்று புள்ளடி போட்டுவிட்டு மேலே போகலாம். இரவு எட்டு மணிவரை நேரம் இருந்தது. கோணேஸ்வரி நம்பியிருந்ததும் அந்தப் பின்னேரத்தைத்தான்.

அப்போதுதான் சூரன் குறுக்கே வந்தான்.

கனடாவில் எங்கள் திருவிழாக்கள் சனி ஞாயிறில் வரும். திதி எந்த நாளில் நின்றாலும் சரி, சுவாமி எங்களுடைய வேலை நேரத்துக்கு ஒத்துப்போவார். கந்தசஷ்டி தொடங்கியபோதும் சூரன்போர் வழக்கம்போல அடுத்த சனிக்கிழமைதான் என்று எல்லோரும் இருந்தோம். ஆனால் ஸ்காபரோவில் நாங்கள் போகிற கோயிலுக்கு அந்த வருடம் ஊரிலிருந்து புதுக் குருக்கள் வந்திருந்தார். சஷ்டி என்றால் சஷ்டிதான், சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க அது பிறந்தநாள் பார்ட்டியா என்று அவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமைப் பூசையில் அறிவித்தார்கள்: சூரன்போர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு. தேர்தலும் அதே செவ்வாய்க்கிழமை.

பூசையால் வந்து நான் இதைச் சொன்னபோது கோணேஸ்வரி சோறு குழைத்துக்கொண்டிருந்தாள். குழைத்த கை அப்படியே நின்றது. அந்த வருடம் வீடு வீடாய் அலைந்ததில் அவள் விரதம் பிடிக்கவில்லை, கோயில் பக்கம் போகவுமில்லை. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் போனது.

"ஆறு நாள் பட்டினி கிடக்கிற சனம் சூரனை விட்டிட்டு வருமோ அக்கா?"

"வராது" என்றேன். பொய் சொல்லி என்ன பிரயோசனம்?

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றாலும் அது முந்தித் தளபாடக் கடை வைத்திருந்த ஒரு மண்டபம். கோயில் தலைவர் தில்லையம்பலம் எங்கள் கட்டடத்தில் பதினான்காம் தளத்துக்காரர். அவருடைய பேரனும் அந்தப் பிள்ளைகள் அறையில்தான் வளர்கிறான். ஆகவே நான் பெரிதாகப் பயப்படவில்லை. கோணேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், சூரன்போரைத் தள்ளி வையுங்கோ எண்டு நான் கேக்கேல்லை. வோட்டுப் போட்டிட்டு வாங்கோ எண்டு மட்டும் நாளைக்குப் பூசையிலை ஒருக்கா மைக்கிலை சொல்லிவிடுங்கோ."

"கோயிலுக்குள்ளை அரசியல் கதைக்கேலாது தங்கச்சி."

"ஆருக்குப் போடுறது எண்டு சொல்ல வேண்டாம் அங்கிள். போட்டிட்டு வரச்சொன்னாக் காணும். காலமை வேலைக்குப் போகேக்கை ஏலாது, அப்ப இன்னும் திறந்திருக்காது. செவ்வாய்க்கிழமை வேலையாலை வந்து கீழை போட்டிட்டுக் கோயிலுக்கு வரலாம். பூசையை ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கினா எல்லாருக்கும் வசதி."

தில்லையம்பலம் சால்வையைச் சரிசெய்தார். குருக்கள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "பாப்பம்" என்றார்.

எங்கள் ஆட்களின் "பாப்பம்" என்ன என்பதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் துணிவில்லாதவர்கள் இந்த வார்த்தையைத் தருவார்கள். திங்கட்கிழமைப் பூசையிலும் நான் நின்றேன். மைக்கில் அன்னதானத்துக்குக் காய்கறி கொடுத்தவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். வாசலை மறித்து நின்ற ஒரு சிவப்புக் காரின் இலக்கத்தை மூன்று தரம் சொன்னார்கள். வோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கோணேஸ்வரி ஹோட்டலில் லீவு எடுத்தாள். வாக்குச்சாவடி திறந்ததும் நான் முதல் வேலையாக என் வோட்டைப் போட்டேன். பகல் முழுக்க அவள் கட்டடத்துக்கு வெளியே, சட்டம் அனுமதித்த தூரத்தில், குளிரில் நின்றாள். மற்றச் சனமெல்லாம் வந்து போட்டது. ஜமேக்காக்காரர், பிலிப்பீன்காரர், தடியூன்றிய வெள்ளைக்காரக் கிழவிகள். தமிழர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் வந்தார்கள். ஐந்து மணியாகியும் வேலையால் ஒருவரும் வீடு திரும்பவில்லை. கோயிலுக்கு மாற்றிக்கட்ட உடுப்பையும் வேலைத்தலத்துக்கே கொண்டுபோய், அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய்விட்டார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

அலெக்ஸாண்டரின் ஆட்கள் ஒரு வானைத் தந்தார்கள். ஓட்டியது எங்கள் ஊர் யோசப். வேதக்காரன் என்பதால் அவனுக்கு விரதமுமில்லை, சூரனுமில்லை. "ஆறரைக்குள்ளை கோயிலாலை வெளிக்கிட்டா ரெண்டு தரம் ஏத்தலாம்" என்றான். நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரன் அப்போதுதான் முதல் தலையோடு ஆடிக்கொண்டிருந்தான்.

கோணேஸ்வரி சனத்துக்குள் புகுந்து ஒவ்வொருவராய்க் கேட்டாள். வடை தந்த மனிதரும் நின்றார்.

"சூரன் விழட்டும் பிள்ளை, உடனை வாறம்."

எல்லோருக்கும் ஒரே பதில்தான். சூரனோ விழுகிற யோசனையிலேயே இல்லை. வருடத்தில் ஒருநாள் கிடைக்கிற ஆட்டம் என்று தூக்கிய இளந்தாரிகள் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஒரு தலை போனால் அடுத்த தலை பூட்டப் பத்து நிமிடம். நடுவில் தில்லையம்பலம் மைக்கை எடுத்து, திதி தவறாமல் விழா நடத்தியதற்காகக் குருக்களைப் பாராட்டிப் பேசி, பொன்னாடை போர்த்தினார். நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். முருகனே என்று கும்பிட வேண்டிய இடத்தில் நின்று, இந்தச் சூரனைக் கெதியாய் முடியப்பா என்று அவரிடமே சண்டை பிடித்தேன்.

சூரன் விழுந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. விழுந்தும் விடவில்லை. அருச்சனை, விபூதி, பிரசாதம், சப்பாத்துக் குவியலுக்குள் சப்பாத்துத் தேடல். அவ்வளவு சனத்தில் எட்டுப் பேர்தான் வானுக்கு வந்தார்கள். பாதிவழியில் ஒரு விபத்து, பாதை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். பின்னாலிருந்தவர்கள் போன வருடத்துச் சூரனை விட இந்தச் சூரன் திறம் என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். கோணேஸ்வரி முன்சீற்றில் இருந்தாள். வானின் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

லொபிக்குள் நாங்கள் ஓடியபோது வாக்குப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எட்டு மணி கடந்து சில நிமிடங்கள்தான். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் மறுத்தாள். எட்டுப் பேரும் "சரி, பறுவாயில்லை" என்று எலிவேற்றரில் ஏறிப் போனார்கள். பறுவாயில்லையாம். யாருக்குப் பறுவாயில்லை என்று எலிவேற்றர் கதவு மூடும்வரை நான் கத்தினேன். கோணேஸ்வரி என் கையைப் பிடித்து, "விடுங்கோ அக்கா, பிள்ளையளை எடுக்கவேணும்" என்று அந்த அறைக்குப் போனாள்.

அலெக்ஸாண்டர் அறுபது சொச்சம் வோட்டால் தோற்றார்.

புதிய கவுன்சிலர் சொன்ன சொல் தவறாதவர். வசந்தம் வரமுதல் அறையைப் பூட்டிவிட்டார்கள். கோணேஸ்வரி பகல் வகுப்புக்கு மாறக் கேட்டுப் பார்த்தாள். பகலில் படித்தால் ஹோட்டல் வேலை போய்விடும், குஞ்சித்தம்பியின் சம்பளத்தில் மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது. படிப்பு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தபோது அதை விட்டாள். விட்ட அன்று என் குசினியில் வந்திருந்து வாய்விட்டு அழுதாள். அவள் அழுது நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். அறை பூட்டியதும் தாய்மாரெல்லாம் முழித்தார்கள். கோணேஸ்வரிதான் இப்போது பின்னேரத்தில் வீட்டில் நிற்கிறாளே என்று யாருக்கோ தோன்றியது. முதலில் கொண்டுவந்து விட்டது தில்லையம்பலத்தின் மகள், தன் மகன் பிரசாந்தை. பிறகு ஒவ்வொருவராய் வந்தார்கள். எலிவேற்றருக்குப் பக்கத்து வீடென்றபடியால் எல்லோருக்கும் வசதி. அவள் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்குள் ஹோட்டலையும் விட்டுவிட்டு முழுநேரமும் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினாள். கட்டடமே அவளைப் புகழ்ந்தது. கோணேஸ் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

தொண்ணூற்றுநாலில் மறுபடி தேர்தல். அதற்கிடையில் கோணேஸ்வரி சிற்றிசன் ஆகிவிட்டாள். சூரன்போர் முந்தின கிழமையே முடிந்துவிட்டதால் அன்று பின்னேரம் லொபி நிறையத் தமிழர். அவள் இடுப்பில் ஒரு குழந்தை, பாவாடையைப் பிடித்தபடி இன்னும் இரண்டு. எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் தில்லையம்பலம். அவர் திரும்பிப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

"பாத்தீரோ தங்கச்சி, இந்தமுறை நாங்கள் எல்லாரும் நேரத்துக்கு வந்திட்டம். சொல்லும், ஆருக்குப் போடவேணும்?"

கோணேஸ்வரி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "உங்கடை விருப்பம் அங்கிள். இந்தமுறை எனக்கு ஒண்டும் தேவையில்லை" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். வரிசை மெல்ல முன்னே நகர்ந்தது.