ஐம்பது காட்ட வேண்டிய முள்

அன்று வீட்டில் இருந்தது நானும் அம்மாவும்தான். அப்பா மங்கலத்தில் தறி ஓட்டத் தறிக்குடோனுக்குப் போயிருந்தார். வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட எங்கள் காம்பவுண்டில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த எதிர்வீட்டு அக்கா இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தார். கடைசி வீட்டு ஒடிசாப் பையன்களில் இரண்டு பேருக்கு அன்று வேலை இல்லை. இருக்க வேண்டிய, எங்களுக்கு நெட் கொடுத்திருக்கும் கேபிள்காரர் மட்டும் இல்லை. போன் போட்டால், “உடுமலப்பேட்டைல இருக்கறனுங்க. ரவுட்டர ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றார்.

சென்னைக் கம்பெனி ஒன்று எனக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இணைய வேகத்தைச் சோதித்து, திரையில் முள் ஐம்பது எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் காட்டும் படத்தை மாலைக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வாரமே அப்பாவோடு தறிக்குப் போக வேண்டும் என்பது ஏற்கெனவே பேசி முடிவான விஷயம்.

முதல் முறை பத்தொன்பது காட்டியது. அடுத்து முப்பத்தொன்று. அடுப்படியில் நின்று பார்த்தால் பன்னிரண்டு. ஆஃப் செய்து ஆன் செய்ததும் நாற்பத்து நான்கு. நாங்கள் பணம் கட்டுவதோ நூறு வேகத்துக்கு. இணையத்தில் தேடினால், மெகாபைட் கணக்குக்கு வந்ததை எட்டால் வகுக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். வகுத்தால் ஆறுகூடத் தேறவில்லை. கம்பெனி கேட்ட ஐம்பது வகுப்பதற்கு முந்தையதா, பிந்தையதா என்று எனக்குப் புரியவில்லை.

ரவுட்டருக்கான செயலியைத் திறந்தேன். பதினேழு கருவிகள் இணைந்திருந்தன. எங்களிடம் இருப்பது இரண்டு போனும் ஒரு பழைய லேப்டாப்பும். மற்றதெல்லாம் யாருடையது? பட்டியலில் ஆள் பெயர் எதுவும் இல்லை, எழுத்தும் எண்ணும்தான். ஒன்றை நிறுத்தினேன். உடனே எதிர்வீட்டிலிருந்து சத்தம்.

“எய்யா, நெட்டு நின்னுட்டு! சீரியல்ல தாலி கட்டப் போற நேரத்துல சுத்திக்கிட்டே நிக்கி!”

இன்னொன்றை நிறுத்தினேன். ஒடிசாப் பையன் வாசலுக்கு வந்துவிட்டான். “அண்ணா, நெட் போச்சு. ஊர்ல அம்மா வீடியோ கால்.”

மூன்றாவதை நிறுத்தியபோது யாரும் கத்தவில்லை. சந்தோஷப்பட்டேன். அது என் லேப்டாப்.

மூன்றையும் திரும்ப இணைத்துவிட்டேன். அம்மா வாசலில் பனியன்களுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இவங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு ஆரு குடுத்தா?”

“நாந்தான் கண்ணு. கேட்டாங்க, சொன்னேன். வெற்றிவேல், ஒண்ணு ரெண்டு மூணு. ஆருக்கும் மறக்காதுல்ல?”

“அத மாத்திப்போட்டாச் சரியாப் போயிரும்.”

கத்தரிக்கோல் நின்றது. “சாமி பேரயா மாத்தற? உனக்கு வேல கெடைக்கோணும்னு அவனத்தான கும்புட்டுட்டு இருக்கறேன்!”

வெளியே போய் எல்லோரிடமும் வேலை விஷயத்தைச் சொன்னேன்.

“இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? எல்லாரும் நிப்பாட்டுங்கலே!” என்று எதிர்வீட்டு அக்கா காம்பவுண்டு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். போன்களை அணைத்துவிட்டு எல்லோரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

நாற்பத்து மூன்று. ஒருவருமே பயன்படுத்தாதபோது எப்படி முன்னைவிடக் குறையும்? மறுபடி பார்த்தேன், நாற்பத்தாறு. அதற்குமேல் பொறுக்க முடியாமல் ஒடிசாப் பையன் தன் போனைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டான். முள் ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.

“பாத்தியா, இவன்தான் இழுத்துட்டு வாரான்!” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவசரமாகப் படத்தை எடுத்தேன்.

அடுத்த நிமிடம் முப்பத்தொன்பது. அதையும் படம் எடுத்தேன். அப்படியானால் எங்கள் வீட்டு வேகம் எது? ஐம்பத்தெட்டை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு படங்களையும் இணைத்து, இதில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று எழுதினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு வந்தது: வேலை நேரம் முழுக்க ஐம்பது வேண்டும், திங்கட்கிழமைக்குள் தனி இணைப்பு இருந்தால் சேரலாம்.

அப்பா போனில் கேட்டுவிட்டு, “செரி, தனியா ஒண்ணு இழுக்கச் சொல்லு. இப்ப இருக்கறது எல்லாருக்கும் இருந்துட்டுப் போகுது” என்றார்.

மறுநாள் கேபிள்காரர் அதே கம்பத்திலிருந்து, பழைய ஒயரை ஒட்டியே இன்னொரு ஒயரை இழுத்தார். புதிதில் முள் எண்பதில் நின்றது. ஒரே கம்பத்திலிருந்து வருவது ஒன்றில் மட்டும் எப்படி வேகமாக வரும் என்று கேட்டேன்.

“அது அப்படித்தானுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுக் கணக்குப் போட்டார். ரவுட்டருக்கு முன்பணம், ஒயர், முதல் மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.