அக்காவின் காலுக்குச் சுட்டது

எங்கள் அக்கா கம்பளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி. ஆனாலும் எனக்கும் தங்கைக்கும் வழிவிட்டுத் தையல் பழகி, கல்யாணத்திற்குப் பிறகு கம்பளை நகரில் சின்னதாக ஒரு தையற்கடை போட்டார். ஊரில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவு அக்காவுக்கு மனப்பாடம். வாயும் தாராளம்.

ஒருநாள் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மற்றது எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் கேலி செய்தோம். இரண்டு கால்களும் மரத்துப்போனபோது கேலி நின்றது. கண்டியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகுத்தண்டுக்குள் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, நடப்பாரா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கோயிலில் அக்கா பெயரில் நேர்த்தி வைத்தார்கள். அக்காவிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா வைத்தது அங்கப்பிரதட்சணம். முதுகில் தையல் போட்ட மனுஷி எப்படி உருளுவார் என்று அவர் யோசிக்கவே இல்லை. பெரியம்மா வைத்தது மாரியம்மன் திருவிழாவில் பால்குடம்.

கட்டியை எடுத்தார்கள். புற்றில்லை என்று தெரிந்து நாங்கள் கும்பிட்டோம். அக்காவுக்கு அது பாதி நிம்மதிதான். கழிவறைக்கும் துணை வேண்டியிருந்தது. நாங்களோ தண்ணீர்க் கோப்பையைக்கூட அவர் வாயருகே பிடித்தோம்.

"உயிரக் காப்பாத்தியாச்சு, சரி. அத நான்தானே வாழணும்?" என்று அத்தானிடம் அழுதார்.

அன்றிலிருந்து அத்தான் தூக்கிவிடுவதை நிறுத்தி, பக்கத்தில் நிற்கப் பழகினார். பயிற்சி, விழுதல், மறுபடி பயிற்சி. கடைசியில் கைத்தடியோடு அக்கா நடந்தார். பாதத்தில் மட்டும் உணர்ச்சி வரவில்லை.

அங்கப்பிரதட்சணத்தை வைத்தவரே செய்யட்டும் என்று அக்கா தீர்ப்புச் சொல்ல, சித்தப்பா உருண்டார். பால்குட நாளும் வந்தது. தலையில் பாரம் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. குடத்தை என் மனைவி சுமந்தாள். நேர்த்தி தன் காலுக்காக வைத்தது, நடை தன்னுடையது என்று அக்கா கூடவே வந்தார். உச்சி வெயில், வெறுங்கால். வழியோர வீட்டுப் பெண்கள் வழக்கம்போல் நடப்பவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு பெண் வாளியோடு குனிந்தபோது அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"ஊத்தாதீங்கம்மா, கொஞ்சம் இருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ரோடு சுடுதுடா."

நடுவீதியில் நின்று நான் அழுதேன். காலில் வந்த கொப்புளத்துக்காகக் கிளினிக்கில் வாங்கிய ஏச்சை, பரிசு வாங்கியதுபோல் அக்கா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அதன்பின் பல வருடங்கள் நன்றாகவே வாழ்ந்தார். கைமெஷினில் தைத்தார், தனியாக பஸ் ஏறிக் கண்டிக்குப் போய்த் துணி எடுத்தார், எங்களை ஏசினார். போன வருடம் ஒரு காலையில் தானே எழுந்து முகம் கழுவி, தேநீருக்குச் சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தவர், அப்படியே கண்மூடினார். மாரடைப்பு. பாயில் படுக்காமல், அவர் விரும்பியபடியே போனார் என்பதில் எங்களுக்கு ஆறுதல்.

சிகிச்சை தந்த கைகளுக்கும், நடக்கப் பழக்கியவர்களுக்கும், கேட்காமலே நேர்த்தி வைத்த சொந்தங்களுக்கும், இந்த ஓராண்டு நினைவில் வந்து கூடிய எல்லோருக்கும் எங்கள் நன்றி. பெயர் கேட்க மறந்துபோன அந்த வாளிக்காரப் பெண்ணுக்கும் ஒரு சொல்: அன்று தண்ணீரை ஊற்றாமல் நின்றீர்களே அம்மா, அதற்கு நன்றி.

அன்புத் தம்பி