தேக்சாவின் உட்புறம்

ஆம்பூரில் தோல் வியாபாரி அப்துல் சமத் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் சவுரியம்மாள். அவளைப் போலப் பித்தளையைப் பளபளக்க வைக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கரைத்து மிஞ்சிய புளிச்சக்கை, சலித்த செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், காய்ந்த எலுமிச்சைத் தோல். எல்லாவற்றையும் அரைத்து உருட்டி வைத்துக்கொள்வாள். பம்ப் ஸ்டவ்வின் எண்ணெய்க் கலம், சொம்பு, விளக்கு எல்லாம் அந்த உருண்டைக்கு வழிக்கு வந்தன.

சமையல்காரர் ஜியாவுல்லா சும்மா இருக்கமாட்டார். "இன்னா சவுரி, ஸ்டவ்வுல மூஞ்சி தெரியுதே. இதப் பாத்தே ஷேவ் பண்ணிக்கலாம் போலருக்கு."

"உங்க மூஞ்சியக் காட்டாதீங்க பாய். திரும்பக் கறுத்துடும்."

பிரியாணி வேகும் பெரிய செம்புப் பாத்திரங்களான தேக்சாக்களுக்கு மட்டும் வேறு சட்டம். வெளியே உருண்டை, உள்ளே வெறும் சாம்பலும் தேங்காய் நாரும். உட்புறம் வெள்ளையாகப் பூசியிருந்த கலாய் வெள்ளீயம். சோற்றையும் செம்பையும் பிரித்து வைப்பது அந்த மெல்லிய பூச்சு ஒன்றுதான். செங்கல் தூள் அதைவிடக் கடினம். புளி பட்டால் வெறும் செம்பு நஞ்சாகும். இது அவளுக்கும் தெரியும்.

வீட்டுப் பெண் வஜீதாவின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், ஒரு தேக்சாவில் பிரியாணி அடிப்பிடித்துக் கருகியது. நாருக்கு அசையவில்லை.

"சீக்கிரம் குடும்மா, பேஜார் பண்ணாத!" என்று ஜியாவுல்லா கத்தினார்.

கையில் உருண்டை இருந்தது. தேய்த்தாள். கரி போனது. அதோடு கலாயும் போய், அடி முழுக்கச் சிவப்பு தெரிந்தது.

அவளுக்கு முன் வேலை செய்தவளை ஒரு பீங்கான் தட்டு உடைந்ததற்கு அன்றைக்கே அனுப்பியிருந்தார்கள். சவுரியம்மாள் தேக்சாவைக் கவிழ்த்துக் குவியலுக்கு அடியில் தள்ளினாள். வேறொன்றைக் கழுவிக் கொடுத்தாள். வாலாஜாபேட்டையிலிருந்து கலாய்க்காரன் வரும்போது சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் கூட்டம் ஜாஸ்தி. பாத்திரம் போதாமல் யாரோ அதை உருவி எடுத்துவிட்டார்கள். கடைசியாக அதில் வெந்தது பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய். கெட்டிப் புளி. பந்தி முன்னமே முடிந்துவிட்டதால் அது தொடப்படாமல் விடியும்வரை மூடிக் கிடந்தது.

காலையில் தேக்சா கழுவ வந்தது. நிமிர்த்தினாள். அடியில் கத்தரிக்காய்ப் புளி, விளிம்பில் பச்சை வளையம். ஈரக் கையோடு எஜமானி முனவ்வர் பேகத்திடம் ஓடினாள்.

"பேகமம்மா, கத்தரிக்கா யாராவது சாப்ட்டாங்களா?"

"இல்லியே. ஏன்?"

"கலாய் போய்ட்ச்சும்மா. நான்தான் தேய்ச்சேன். சொல்லாம வெச்சிட்டேன்."

பேகம் அவளைப் பிடித்து உலுக்கினார். "எம் பொண்ணு தின்னிருந்தா இன்னாடி ஆவும்?"

"கொட்டிடறேம்மா."

"கொட்ட எங்க இருக்கு?" என்றார் ஜியாவுல்லா. "மிஞ்சுன சோத்தோட சேத்து, காலைல வந்த உன் வூட்டுக்காரனுக்குக் குடுத்துட்டேனே."

அவள் புருஷன் சின்னப்பன், தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரன். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் அமலிக்கு ஊட்டி முடித்துவிட்டுத் தூக்கை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் இருவரும் வாந்தி எடுத்தார்கள். நீலம் கலந்த பச்சை. மோர் கொடுத்தார்கள், முட்டை வெள்ளை கொடுத்தார்கள். அவன் பிழைத்தான். அந்த வாந்தியைத் தாங்க நான்கு வயது உடம்பில் அத்தனை தண்ணீர் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் அமலி போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சின்னப்பன் ஒன்றையே சொன்னான். "வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுச்சு. நான்தான் கெஞ்சி ஊட்டுனேன். ஊசிப்போன சோறு."

பேகம் வீட்டிலிருந்து யாரும் அந்தச் சேரிக்கு வந்து உண்மை சொல்லப்போவதில்லை. சவுரியம்மாள் வாயை மூடியிருந்தால் மூடியதுதான். அவன் சுவரில் தலையை மோதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"சோறு ஊசல. பாத்திரத்து வெஷம். கலாயத் தேய்ச்சு எடுத்தது நான்."

அவன் நிமிர்ந்தான். "எப்ப தெரியும் உனக்கு?"

"அடுப்புல ஏறறதுக்கு முன்னாடியே."

அவன் அடிக்கவில்லை. மறுநாள் சந்தையில் ஒரு மண்சட்டி வாங்கி வந்து, வாசலில் மூன்று கல் வைத்துத் தனியாகப் பொங்கினான். அவளுக்குப் பேகம் வீட்டு வேலை போனது. ஷாப்பில் ஆட்டுமயிர் அலசப் போனாள். அந்த வீட்டில் பல வருஷம் இரண்டு அடுப்பு எரிந்தது. அமலிக்கு மூத்த பையன் இரண்டிலும் தின்று வளர்ந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அவள் காய்ச்சலில் விழுந்தாள். சின்னப்பன் தன் சட்டியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். குடித்துவிட்டு, அதைக் கழுவ எழுந்து கை நீட்டினாள்.

"வை" என்றான் அவன். சட்டியைத் தானே தேய்க்க எடுத்துப் போனான்.