சிரிக்காவிட்டால் பிரம்பு

விளக்கெண்ணெய் தடவிய பிரம்புக்கு ஒரு வாசனை உண்டு. எங்கள் கணக்கு வாத்தியார் வகுப்புக்குள் வருவதற்கு முன்பே அது வந்துவிடும், வந்ததும் பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் நாங்கள் அத்தனை பேரும் மூச்சுவிடுவதைக்கூடத் தள்ளிவைப்போம், பக்கத்துத் தெருத் தறிச்சத்தம் மட்டும் தைரியமாகக் கேட்கும்.

நான் ஏழாவது படித்த வருடம் புதிதாக வந்த தலைமையாசிரியை, பிள்ளைகள் சிரிக்காத பள்ளிக்கூடம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி, எல்லாப் பிரம்புகளையும் வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டு, இனிமேல் காலை வணக்கக் கூட்டத்தில் தினம் ஒரு பிள்ளை "சிரிப்பு" சொல்ல வேண்டும் என்றார்.

கணக்கு வாத்தியார் எங்கள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "யாரும் சிரிக்கலன்னா என் பிரம்பைத் திருப்பிக் குடுத்துடணும்மா."

"தாராளமா எடுத்துக்கங்க சார். நாளைக்கே பாத்துடலாம்."

முதல் ஆளாக என்னைப் பிடித்துக் கொடுத்தவன் என் பெஞ்சுக்காரன் ஏகாம்பரம். கடைசி பெஞ்சில் இருந்து ஊரையே கிண்டலடிக்கும் வீரன் நான். மைக் என்றதும் அந்த வீரம் எந்த பஸ் பிடித்துப் போனதோ தெரியவில்லை. மறுநாள் காலை அக்குளில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு "ஜுரம்" என்று சுருண்டு படுத்தேன்.

அம்மா நெற்றியைத் தொட்டாள். "ஒண்ணும் சுடலியே. அந்த வெங்காயத்த எடுத்துக் குடுப்பா, சாம்பாருக்கு ஆவும்."

வாசலில் நின்ற ஏகாம்பரம், "டேய், நீ சொதப்புனா அடி வாங்கறது நாங்கடா. முழிச்சிக்கினு நிக்காத!" என்று தைரியம் சொன்னான்.

மைக்கின் முன் நின்றபோது, ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த சிரிப்பு மொத்தமாக மறந்துபோனது. எதிரே கைகட்டி நின்ற கணக்கு வாத்தியாரைப் பார்த்த கிலியில், முந்தின நாள் அவர் போட்ட கணக்குதான் வாயில் வந்தது.

"ஒரு தறியில ஒரு ஆளு பத்து நாள்ல ஒரு சேலை நெய்வாரு. அஞ்சு பேரு சேந்தா எத்தனை நாளாவும்?"

பயந்த குரல் ஒன்று, "ரெண்டு நாள்!" என்றது.

"ஆவாது. எங்க வூட்டுத் தறிக்குழியில அஞ்சு பேரு கால விட்டா, எது யாரு காலுன்னு கண்டுபிடிக்கவே பத்து நாளாவும்!"

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. வாத்தியார் கணக்கைக் கேலி செய்தவனுக்காக யார் சிரிப்பார்கள்? பீரோ திறக்கும் ஓசைகூட என் காதில் விழுந்தது. அப்போதுதான், தண்ணீர் வராத அடிபம்பை யாரோ அடிப்பது போலக் கீச், கீச் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் எங்கள் கணக்கு வாத்தியார்! கண்ணில் நீர் வழிய, "எங்க வூட்லயும் அதே கததான்டா!" என்றார். அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மொத்தப் பள்ளிக்கூடமும் உருண்டது. அதன் பிறகு அவர் எவ்வளவு முறைத்தாலும் எங்களுக்கு அடிபம்புதான் கேட்டது, அவரும் பிரம்பைக் கேட்கவேயில்லை, "நாளைக்கு யாருடா சொல்றது?" என்றுதான் கேட்டார்.

இப்போது என் மகளின் பள்ளிக்குப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே பிள்ளைகள் ஆசிரியையை எதிர்க்கேள்வி கேட்டுவிட்டு அவரோடு சேர்ந்தே சிரிக்கிறார்கள். பிரம்பு என்றால் சோபாவா என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இன்னும் கைகால் உதறுகிற ஒரே கூட்டம், தலை நரைத்த என்னைப் போன்ற அப்பாக்கள்தான். போன வாரம் நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்த என்னை மகள் முழங்கையால் இடித்தாள்.

"நல்லா உக்காருப்பா. மிஸ் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."