மரவள்ளி மாவில் ஒரு ஜப்பான் இனிப்பு

அபுதாபியின் ருவைஸ் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, நோயாளியான ஜப்பானிய எஞ்சினியரைப் பார்க்க அவர் வீட்டுச் சமையல்காரர் தினமும் வருவார். ஒல்லியான ராமநாதபுரத்துக்காரர். வந்ததும் எஞ்சினியரின் பாதங்களைப் போர்வையால் மூடுவார்.

ஒரு நாள், கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார். மரவள்ளி மாவைச் சர்க்கரைத் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி, சோயாப் பொடி தூவிய ஜப்பான் இனிப்பு.

"அஞ்சு தடவ கட்டிதட்டிப் போச்சு சிஸ்டர். இப்பத்தான் சரியா வந்துச்சு. ஒரு வாய் குடுக்கணும்."

"வேண்டாம் அண்ணே. அவரால விழுங்க முடியாது. தொண்டையில அடைச்சிரும்."

"நெனவு இருந்தப்ப அவரு கேட்டது இது ஒண்ணுதான்." ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். "நீங்களாவது தின்னுட்டு, நல்லாருக்குன்னு அவருகிட்ட சொல்லுங்க."

தின்றேன். கண் திறக்காமல் கிடந்தவரின் காதருகே குனிந்து சொன்னேன்.

"உதடு அசைஞ்சுச்சு, பாத்தீங்களா?" என்றார் சமையல்காரர்.

நான் பார்க்கவில்லை. ஆமாம் என்றேன்.