ஜூனிபருக்கு அணைத்த மண்

திண்டிவனத்தில் மனை வாங்கி வீடு கட்டி, முன்னால் மிச்சம் கிடந்த கையகல மண்ணில் நான் மூன்று ஜூனிபர் செடிகளை வைத்தேன். ஊரே வந்து புத்தி சொன்னது. முருங்கை வை, கீரைக்கு ஆகும். வாழை வை, இலைக்கு ஆகும். பூக்காமல் காய்க்காமல் நிற்கிற, ஆடுகூட வாய் வைக்காத குத்துச்செடியை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறாய்? எதிர்வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், கல்லறைத் தோட்டத்துச் செடி மாதிரி இருக்கிறதே என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

அந்த எதிர்வீட்டுக்காரருக்கு எங்கள் ஊர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், உண்டு. என் அம்மா சாகும்வரை அந்தக் கொல்லையில்தான் களை எடுத்தாள். அக்கா இன்றைக்கும் அங்கேதான் போகிறாள். எங்கள் வீட்டார் கை பட்டு விளைந்ததெல்லாம் அடுத்தவர் களத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. முதன்முதலாக எங்களுக்கென்று ஒரு துண்டு மண் வந்தபோது, அதில் எதற்குமே ஆகாத ஒன்றைத்தான் வளர்ப்பது என்று பிடிவாதமாக இருந்தேன். அழகுக்கு ஒரு செடி வைக்க எங்களுக்கு யோக்கியதை இல்லையா என்ன?

ஜூனிபர் குளிர்ச்சீமைச் செடி. நம் வெயிலில் அது நிற்பதே பெரிய காரியம். தண்ணீர் தேங்கினால் ஆகாது, அடித்தண்டில் காற்றுப் பட வேண்டும். மணல் கலந்து மேடாக்கி வைத்தேன். விழுப்புரம் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வந்ததும், பையைக்கூட இறக்காமல் மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்ப்பேன். காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அப்படிப் பார்த்துப் பார்த்து இரண்டு கோடையைத் தாண்டவைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் விரல் விட்டு ஈரம் பார்ப்பதை நிறுத்தினேன். அந்த மழையிலேயே மூன்றிலும் உள்ளிலைகள் பழுக்க ஆரம்பித்தன. கிளைகளை விலக்கிப் பார்த்தேன். தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, நேர்த்தியாகத் தட்டிவிட்டிருந்தது. மழைத்தண்ணீர் அதில் ஊறி, பட்டை கொழகொழவென்று அழுகியிருந்தது. யார் வேலை என்று கேட்கவே தேவையில்லை. மல்லாட்டை பூத்ததும் இப்படித்தான் தூரில் மண் அணைப்பார்கள், விழுது இறங்கிக் காய் பிடிக்கட்டும் என்று. நான் வேலைக்குப் போயிருந்த சமயம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா, களைக்கொத்தோடு இறங்கியிருக்கிறாள்.

அவளை வரவழைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். வெயில் கொல்லாத செடி, ஊரே பிடுங்கச் சொல்லியும் பிடுங்காத செடி, கூடப்பிறந்தவள் கையாலா சாக வேண்டும்? அக்கா கீழே குந்தி, குவித்த மண்ணை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இத்தினி வருசமா யார் யார் கொல்லையிலயோ அணைச்சிக்கினு கெடக்கறேன். நம்ம மண்ணுல ஒரு தபா அணைக்கணும்னு இருந்திச்சிடி. இங்க அணைக்க வேற இன்னா கீது?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை வாரினேன்.

இரண்டு பிழைத்தன. ஓரத்தில் நின்றது மட்டும் தேறவில்லை. மாசியில் நானும் அக்காவும் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் வந்தார். பீடை தொலைந்தது, அந்தக் குழியில் உருப்படியாக ஒரு தென்னம்பிள்ளையை வையுங்கள் என்றார். மறுநாள் தன் கொல்லையில் களையெடுப்பு இருப்பதையும் அக்காவிடம் சொல்லிவைத்தார். அக்கா நிமிர்ந்தாள்.

"இது எங்க மண்ணுங்க. இன்னா வெக்கறதுன்னு நாங்க பாத்துக்கறோம். நாளைக்கு நான் வர்லீங்க, வேற ஆள் பாத்துக்கங்க."

மறுநாள் நான் லீவு போட்டேன். புதுச்சேரி ரோட்டு நர்சரியில் ஒவ்வொரு செடியாகக் கிளையை விலக்கித் தண்டைப் பார்த்து, ஒரு ஜூனிபரை அக்காவே பொறுக்கி எடுத்தாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதை என்னிடம் தரவே இல்லை.